"தினமும் 4 மணி நேர ஐஸ்": கோடை ஸ்கேட்டிங் முகாமுக்குக் காசு கட்டமுன் வாசியுங்கள்

போன வருஷம் ஜூலையில் என் ஒன்பது வயது மகளை இரண்டு வாரம் ஒரு ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ்மேல் சறுக்கித் தாவிச் சுழல்கிற விளையாட்டு) முகாமுக்கு அனுப்பி, 1,180 டொலரையும் ஒரு சோடி நல்ல பிளேட்டையும் (ஸ்கேட் சப்பாத்தின் அடியில் பூட்டுகிற கத்தி) பறிகொடுத்தோம். ரொறன்ரோப் பக்கம் இருக்கிற முகாம். பெயரைப் போடவில்லை, பாதிக் காசாவது திரும்பி வருமா என்ற இழுபறி இன்னும் முடியவில்லை. கோடைக்கான பதிவுகள் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், அதனால்தான் இப்பவே எழுதுகிறேன்.

மகள் தன் ஸ்கேட்டிங் கிளப்பில் கான்ஸ்கேட் என்ற தொடக்கப் பயிற்சித் திட்டத்தின் ஆறு நிலையும் முடித்து, சால்கோ, டோ லூப் என்ற இரண்டு தாவல்களையும் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பைத்தியமெல்லாம் ஆக்ஸல்தான். மற்றப் பெரிய தாவல்கள் பின்பக்கமாக ஓடிவந்து எழும்புவது, ஆக்ஸல் மட்டும் முன்னுக்குப் பார்த்தபடி எழும்பிப் பின்பக்கமாக இறங்குவது, அதனால் ஒரு சுற்றுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்று. 1882இல் ஆக்ஸல் பால்சன் என்ற நோர்வேக்காரர் வியன்னாவில் செய்து காட்டியதால் அந்தப் பெயர் (சாப்பாட்டு மேசையில் மகள் எனக்கு எடுத்த வகுப்பு இது). முகாமின் போஸ்டரில் "2 வாரத்தில் ஆக்ஸல்" என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பல பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே போகும் என்று கிளப் கோச் முதலே சொல்லியிருந்தா. அது தெரிந்தும் விழுந்தேன், ஏனென்றால் பக்கத்திலேயே ஒரு பெரிய கோச்சின் படமும் "தினமும் 4 மணி நேர ஐஸ்" என்ற வரியும் இருந்தன. நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரப் பயிற்சி என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பல் டொக்டரிடம் கூட்டிப்போக ஒன்றரை மணிக்கே போய்விட்டேன். உள்ளே போனால் அரீனாவில் (ஐஸ் போட்ட உள்ளரங்கு) பாட்டுப் போகிறது, எல்லாரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள், ஒரு தாத்தா ஹொக்கி ஸ்கேட்டில் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார், இரண்டு பெடியள் ஒருத்தரை ஒருத்தர் துரத்துகிறார்கள். முகாம் ரீ சேர்ட் போட்ட பிள்ளைகள் அந்தக் கூட்டத்துக்குள் அங்கொன்று இங்கொன்றாக நின்றார்கள். அது அரீனாவின் வழமையான பப்ளிக் ஸ்கேட்டிங்! யாரும் சில டொலர் கொடுத்து வந்து ஓடலாம், ஆனால் தாவக்கூடாது, நடுவில் நின்று சுழலக்கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. "அம்மா, பின்னேரம் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான், கோச் ஒராளும் வாறேல்லை" என்றாள் மகள். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "முகாமெண்டா இப்பிடித்தான் எண்டு நினைச்சன்" என்றாள்.

அன்றிரவு இருந்து கணக்குப் பார்த்தோம். போஸ்டரின் நாலு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் பப்ளிக் ஸ்கேட்டிங். ஒரு மணி நேரம் "பயிற்சி ஐஸ்", அதாவது இரண்டு பதினேழு வயதுப் பிள்ளைகள் வேலியில் சாய்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்க, சின்னதுகள் தாங்களாக ஓடுவது. மிச்சம் ஒரு மணி நேரம்தான் வகுப்பு, அதிலும் சாம்போனி வண்டி வந்து ஐஸைச் சமப்படுத்துகிற நேரத்தைக் கழித்தால் 50 நிமிஷம். அந்த 50 நிமிஷத்துக்கு 22 பிள்ளைகளும் ஒரு கோச்சும், ஆக்ஸல் இறங்குகிற பிள்ளையும் போன கிழமைதான் ஐஸில் கால் வைத்த பிள்ளையும் ஒரே வரிசையில். ஐஸுக்கு வெளியே நடக்கும் உடற்பயிற்சி வகுப்பு என்று சொன்னது, மழை பெய்த இரண்டு நாளும் ஒரு அறைக்குள் படம் போட்டுக் காட்டியதுதான்.

இன்னொன்றையும் நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். கான்ஸ்கேட்டில் ஐந்தாம் நிலை முடியும்வரை ஹொக்கி ஹெல்மெட் கட்டாயம். இங்கே நிற்கவே தெரியாத இரண்டு குட்டிகள் வெறும் கம்பளித் தொப்பியோடு நின்றார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் இருந்த பெரிய கோச் முழு இரண்டு வாரத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் காசோடு போயிருக்கும். பிளேட் கதைதான் இன்னும் வயிற்றெரிச்சல். இரண்டாம் வாரம் "இலவசமாக பிளேட் தீட்டித் தருகிறோம்" என்று எல்லாருடைய ஸ்கேட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். முகாம் முடிந்து கிளப்புக்குப் போன முதல் நாளே மகளுக்குச் சுழல வரவில்லை, டோ லூப்புக்குக் காலைக் குத்தினால் வழுக்குகிறது. கோச் சப்பாத்தைத் திருப்பிப் பிடித்து, பிளேட்டின் முன்நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு "இதை ஆர் தீட்டினது?" என்று கேட்டா. ஃபிகர் ஸ்கேட்டில் முன்னுக்கு வாள் மாதிரிப் பற்கள் இருக்கும், அதில் ஆகக் கீழே இருக்கிற பெரிய பல் முக்கியமானது. ஹொக்கி ஸ்கேட்டில் பல்லே கிடையாது. ஹொக்கி ஸ்கேட் தீட்டிப் பழகிய ஆரோ மெஷினில் பிளேட்டை நுனிவரை இழுத்து, அந்தப் பல்லை மொட்டையாக்கியிருக்கிறார்கள். வெட்டின பல் திரும்ப வளராது. புது பிளேட், பூட்டுகிற கூலியோடு 210 டொலர். இப்ப ஃபிகர் ஸ்கேட் மட்டும் தீட்டுகிற ஒருவரிடம் அரை மணி நேரம் கார் ஓடிப்போய்க் கொடுக்கிறோம்.

காசைக் கேட்டபோது "திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள், அது பதிவுப் படிவத்தின் ஆகக் கடைசியில் இருந்தது. நான் கட்டியது இ-ட்ரான்ஸ்ஃபரில், அதாவது என் வங்கிக் கணக்கிலிருந்து நேரே அவர்கள் கணக்குக்கு. கிரெடிட் கார்ட் என்றால் வங்கியிடம் முறையிட்டுப் பார்த்திருக்கலாம், இ-ட்ரான்ஸ்ஃபர் அவர்கள் கணக்கில் விழுந்தால் விழுந்ததுதான். வருமான வரியில் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகக் காட்ட ஒழுங்கான ரசீது கேட்டேன், அதுவும் நாலு மின்னஞ்சலுக்குப் பிறகுதான் வந்தது. இவர் "விடப்பா, போனது போகட்டும்" என்றார். மாமி, பிள்ளை வீட்டில் நின்றிருந்தால் ரெண்டு கிலோவாவது கூடியிருக்கும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.

இந்த வருஷம் வேறு மூன்று இடங்களுக்கு ஃபோன் எடுத்தேன். ஒரு நாளின் நேர அட்டவணையை அப்படியே அனுப்பச் சொன்னேன், எந்த மணி நேரத்தில் ஐஸ் உங்களுக்கு மட்டும், எந்த மணி நேரத்தில் கோச் ஐஸில் நிற்பார், அந்த நேரம் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று. ஒரு இடத்தில் அட்டவணையைத் தரவே மாட்டோம் என்றார்கள், அதோடு விட்டுவிட்டேன். கோச்மாரின் பெயரைக் கேட்டு, நாட்டின் ஃபிகர் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடாவில் பதிந்தவர்களா என்றும் பார்த்தேன், அங்கே பதிவு இருக்க முதலுதவிச் சான்றிதழும் பின்னணிச் சோதனையும் வேண்டும். ஒரு விஷயம், கோடையில் நிறைய அரீனாக்கள் ஐஸை எடுத்துவிடும், மிச்சம் இருக்கிற ஐஸுக்கு ஹொக்கிக்காரரும் போட்டி போடுவார்கள். அந்த நேரத்தில் மலிவாக நாலு மணி நேரம் என்று ஒருவர் சொன்னால், அது ஆருடைய ஐஸ் என்றாவது கேட்டுவிடுங்கள். கடைசியில் எங்கள் கிளப்பே நடத்துகிற ஒரு வார முகாமில் போட்டிருக்கிறோம். நாளுக்கு இரண்டு மணி நேரம்தான், ஆறு பிள்ளைக்கு ஒரு கோச்.

அந்தப் பழைய இடமும் இந்த வருஷப் பதிவைத் தொடங்கிவிட்டது. அதே போஸ்டர், அதே கோச்சின் படம். நாலு மணி நேரத்தை மட்டும் ஐந்தாக்கியிருக்கிறார்கள்.