ஸ்பிரிங் கிளிப்பா, காந்த அடியா?

பைக் பட்டறையில் கைவிளக்கை மாட்ட எது நல்லது என்று கேட்டால், என் கை ஸ்பிரிங் கிளிப்பைத்தான் தேடும். காந்தம் வேகமானது, வைத்தவுடன் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அலுமினிய இன்ஜின் உறையிலோ பிளாஸ்டிக் மூடியிலோ நிற்காது. சூடான சைலன்சர் பக்கம் வைக்கவே கூடாது: சாதாரண நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிடியை இழக்கத் தொடங்கும். இரும்புத்தூள் வேறு அதில் அப்பிக்கொண்டு பெயின்டைக் கீறும்.

கிளிப்புக்கு ஒரு விளிம்போ கம்பியோ போதும், கவ்விவிடும். வாயில் ரப்பர் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உறை இல்லாத தகரக் கிளிப், ஒயரின் கனம் இழுக்க இழுக்க மெல்லத் திரும்பி, வெளிச்சம் தரைக்குப் போய்விடும்.

கவ்வ விளிம்பே இல்லாத தட்டையான இரும்புத் தகடு என்றால் காந்தம்தான்.