ஐஎஸ்ஐ முத்திரையை மட்டும் பார்த்துக் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்காதீர்கள்

ஒன்றரை வயதுப் பேரனுக்காகச் சென்னையிலுள்ள பெரிய பொம்மைக் கடை ஒன்றில், அழுத்தினால் பாட்டுப் பாடும் யானைப் பொம்மையை வாங்கினோம். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. கைக்குழந்தைக்கும் தரலாம் என்று விற்பனையாளரும் உறுதியாகச் சொன்னார். குழந்தை அதைத் தரையில் போட்டதுமே வயிற்றுப் பகுதியில் இருந்த மூடி தெறித்து, பொத்தான் பேட்டரிகள் உருண்டோடின. மருமகள் அருகில் இருந்ததால் உடனே அவற்றைப் பொறுக்கிவிட்டார்.

அந்த மூடிக்குத் திருகாணியே கிடையாது. நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறது. விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்னோட்டம் உண்டாகி, அங்கே உருவாகும் காரப்பொருள் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடக்கூடும். எச்சில் வடிவதும் சாப்பிட மறுப்பதும் தவிர முதலில் வேறு அறிகுறி தென்படாமல் போகலாம் என்பதால், சளித் தொந்தரவு என்று பெற்றோர் எண்ணிவிடவும் வாய்ப்புண்டு.

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். (புவிசார் குறியீட்டின் கீழ் பதிவுபெற்றவர்கள் செய்யும் கைவினைப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு, ஆகவே முத்திரை இல்லாதவை எல்லாம் போலி அல்ல.) முத்திரையின் மேலே தர எண் இருக்க வேண்டும், பேட்டரியில் இயங்கும் பொம்மை என்றால் அது ஐஎஸ் 15644. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, இந்த முத்திரைக்கு உரிமம் வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கானது, நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் பெட்டியில் இருந்த எண்ணோ, பொம்மைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளுக்கு வேறொரு நிறுவனம் பெற்றிருந்த உரிமத்தைக் காட்டியது.

இதைக் கடை மேலாளரிடம் காட்டியபோது, குழந்தை உடைத்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கூறி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருந்த வரியைச் சுட்டினார். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்த பிறகே, ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்காமல், பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

போலி முத்திரை குறித்து அதே செயலி வழியாகத் தனியாகப் புகார் அளித்திருக்கிறேன். இத்தகைய பொம்மையை வாங்கியிருப்பவர்கள் பேட்டரிகளை உடனே அகற்றிவிட்டு, பெட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்தி வையுங்கள். உரிம எண் பெட்டியில் மட்டுமே இருக்கக்கூடும், அது இல்லாமல் முத்திரை போலி என்று காட்டுவது கடினம்.