12 வருஷமா மொரிஸ் மைனர்: பொகையில பாஸ், அடியில பெயில்

மொரிஸ் மைனர்ங்குற இந்த பழைய இங்கிலாந்து கார வாங்கலாமா, மலையில இழுக்குமான்னு அடிக்கடி யாராச்சும் கேக்குறாங்க, இழுக்கும், ரெண்டாவது கியர்ல போட்டு விட்டா ரம்பொடை மலையே ஏறும், ஆனா விக்கிறவரு எமிஷன் (பொகை டெஸ்ட்) பாஸ், வருஷ லைசன் எடுத்தாச்சின்னு பேப்பர காட்டுனா அத மட்டும் நம்பி காசு குடுத்துறாதீங்க. நம்ம இலங்கையில சொந்தப் பாவனை காருக்கு வருஷா வருஷம் பாக்குறது சைலன்சர்ல வர்ற பொகைய மட்டுந்தான். லொறி, பஸ்ஸுக்குத்தான் வண்டிய சோதிச்சி குடுக்குற தகுதிச் சான்றிதழ். நம்ம வண்டிக்கு அடியில குனிஞ்சி பாக்க எவனும் வரமாட்டான்.

என்னோடது 1963 மொடல், 1098 சிசி, பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட். 2012ல ரிட்டயரான தோட்டத்து கிளாக்கரையா ஒருத்தர்ட்ட வாங்குனது. நானுஓயா பக்கம் வீடு, அதனால மழை, பனி, செம்மண் சேறு எல்லாம் வண்டி நல்லாவே தின்னிருக்கு.

மொத வருஷமே பொகையில பெயில். கீழ கம்பளையில நம்ம மெக்கானிக் நானாட்ட குடுத்து டியூன் பண்ணி, பிளக் பொயின்ட் எல்லாம் புதுசு போட்டு சும்மா தச்சு மெஷின் மாதிரி ஓடுச்சி, மேல நுவரெலியாவுக்கு கொண்டுவந்து டெஸ்டுக்கு விட்டா கார்பன் மொனொக்சைட் எகிறிருச்சி. நானாவுக்கு கோல் எடுத்து கத்துனேன். "தம்பி, நான் டியூன் பண்ணுனது கம்பளை காத்துக்கு, நீ நிக்கிறது எங்க?"ன்னாரு. சரிதானே, நுவரெலியா 1868 மீட்டர், கடல் மட்டத்தவிட காத்தழுத்தம் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, காத்து கொறையுது ஆனா பெற்றோலயும் காத்தையும் கலக்குற எஸ்.யூ. காபரேட்டர் பெற்றோல அதே கணக்குல கொறைக்காது, அப்ப மிக்சர் ரிச், அதாவது பெற்றோல் கூட ஆகிருது. கீழ இருக்குற ஜெட் (பெற்றோல் வர்ற கொழாய்) நட்ட ஒரு பட்டை, அதாவது ஆறுல ஒரு பங்கு சுத்து, மேல ஏத்துனா லீன், பெற்றோல் கொறையும், எறக்குனா ரிச். இப்பெல்லாம் மேலயே, எஞ்சின் நல்லா சூடானப்பொறம்தான் அந்த நட்டுல கை வைக்கிறது. இன்னொன்னு, குளிருல ஸ்டார்ட் பண்ண இழுக்குற சோக் கேபிள். குளிருல தெனமும் இழுக்குறோமா, ஈரத்துல கேபிள் இறுகி முழுசா திரும்பிப் போகாது, மைனர்ல சோக் இழுத்தா ஜெட்டே கீழ எறங்குறதால அது பாதியில நின்னா என்ன டியூன் பண்ணுனாலும் பெயில்தான். ரெண்டு வருஷம் கழிச்சித்தான் அது எனக்கே வெளங்குச்சி. சைலன்சர்ல ஓட்டை இருந்தாலும் டெஸ்டுக்கு போகாதீங்க, வெளிக்காத்து கலந்து ரீடிங் கொழம்பிரும்.

சரி, இதெல்லாம் பாஸ் ஆகி பேப்பரோட சந்தோசமா திரிஞ்ச காலத்துலதான் ஒருநா நானா முன்பக்கத்த ஜக் போட்டு தூக்கிட்டு, டயர 12 மணியிலயும் 6 மணியிலயும் புடிச்சி ஆட்டச் சொன்னாரு. ஆடுச்சி, லேசா இல்ல, டொக்கு டொக்குன்னு. ட்ரனியன். மைனர் முன் வீல் நிக்கிறதே அந்த மரை போட்ட ரெண்டு சாமான்லதான், ஸ்டியரிங் திருப்புறப்ப அந்த மரையிலதான் திரும்புது, கிரீஸ் அடிக்காம விட்டா மரை தேஞ்சி ஒருநா கழண்டு வீல் அப்டியே மடங்கி படுத்துரும். அதுக்கு மொத வாரந்தான் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ரம்பொடை வளைவெல்லாம் எறங்கிட்டு வந்திருக்கேன்! இப்ப 1000 மைலுக்கு ஒருக்கா கிரீஸ் கன் எடுக்குறேன், யார் சிரிச்சாலும் பரவால்ல.

பிரேக்குல இருக்குற வில்லங்கம் என்னன்னா மாஸ்டர் சிலிண்டர் போனட்டுக்குள்ள இல்ல, ட்ரைவர் காலடியில தரைக்கு கீழ. காப்பெட்ட தூக்குனாத்தான் ஒயில் ஊத்துற மூடியே தெரியும், அதனால ஒருத்தரும் பாக்குறதில்ல. நாலு வீலுக்கும் ஒரே லைன் வேற, ஒரு பைப் துருப்புடிச்சி வெடிச்சா நாலும் போச்சி. நான் எல்லா பைப்பும் மாத்திட்டேன், கொறஞ்ச செலவுதான். ஹேண்ட் பிரேக் கேபிளுக்குள்ள சேறு போய் இறுகும், மலையில ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டிய வச்சிக்கிட்டு வீலுக்கு கல்லு வச்சா ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்துறது?

லைட் மங்கலுக்கு, பெற்றி சார்ஜ் பண்ணுற டைனமோவ திட்டாதீங்க, முக்காவாசி நேரம் ஏர்த் வயர் பாசி புடிச்சது. சுரண்டுனா சரி.

துருதான் பெரிய தலவலி. மைனருக்கு தனி சேசிஸ் இல்ல, பொடிதான் எலும்பு. பின் ஸ்பிரிங் மாட்டுற எடம், முன் குறுக்குச்சட்டம், கதவுக்கு கீழ இருக்குற சில் (கீழ்ச்சட்டம்), இந்த மூணையும் பாத்துருங்க. ஒரு காந்தத்த துணியில சுத்தி கொண்டுபோங்க, ஒட்டாத எடமெல்லாம் தகடு இல்ல, ஓட்டைய மறைக்கப் பூசுன புட்டி. இங்கிலாந்துல வருஷா வருஷம் வண்டிய சோதிக்கிற எம்.ஓ.டி. டெஸ்ட்ல ஸ்பிரிங், சீட் பெல்ட் மாட்டுற எடத்துலேருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள தகடு பலமில்லாம அரிச்சிருந்தா பெயில். 2018 மே மாசத்துலேருந்து 40 வருஷம் தாண்டுன, பெருசா மாத்தாத வண்டிக்கு அங்கயும் டெஸ்ட் கட்டாயம் இல்லையாம்னாலும், அந்த 30 சென்டிமீட்டர் கணக்க நான் புடிச்சி வச்சிருக்கேன். அளந்து பாத்தா என் வண்டி எடது பின்பக்கம் சுத்தமா பெயில். தகடு வேல பாக்குற டிங்கர்கிட்ட குடுத்து பழைய தகட்ட வெட்டியெடுத்து புதுசு வெல்டிங் வச்சது, பெயின்ட் அடிக்க ஆன செலவவிட கூட.

இந்த வருஷம் பொகை மொத தடவையிலயே பாஸ். பின் வீல்ல எக்சல் ஒயில் கசிஞ்சி பிரேக் ஷூ நனையுது, ஒரு பக்கம் இழுக்குது. சீல் வந்தோன்ன கம்பளைக்கு எறங்கணும், அதுவரைக்கும் வண்டி வீட்டுலதான், வீலுக்கு கல்லு வச்சி.