மேப்பா, நோட்டா? ஏற்காடு ஏறும் லாரிக்கு வழி சொல்வது எது

தை மாதம் இரண்டாவது வண்டி எடுத்தேன். முதல் வண்டியைப் போலவே சரக்குத் தட்டு 14 அடி நீளமுள்ள லாரி. பணம் புரட்டுவதைவிட வண்டியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. கிடைத்தவன் ஓமலூர்ப் பையன். நிதானமான கை. நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டுவான், ஆனால் ஏற்காட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போனதில்லை. அவனுக்குக் கைபேசி மேப் போதுமா, இல்லை வழிக் குறிப்புகள் எழுதி என் டேஷ்போர்டில் பல வருடமாகக் கிடக்கும் நீல அட்டை நோட்டைக் கொடுப்பதா? ஒரு வாரம் யோசித்துவிட்டு நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மேப்பை அழிக்கச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு சொன்னால் நோட்டை நம்பு என்றேன்.

மேப்பின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொண்டலாம்பட்டியில் நெரிசல் என்றால் சீலநாயக்கன்பட்டியில் இருக்கும்போதே சிவப்புக் கோடு தெரிந்துவிடுகிறது. நோட்டுக்கு அந்தக் கண் கிடையாது. ஊர் மாறினாலும் நோட்டு பின்தங்கிவிடும். 2020-ல் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது நான்கு பக்கங்களை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

டீக்கடையில் கேட்டுப் போவது மூன்றாவது முறை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பைக்கில் போகிறவர் சொல்லும் வழி பைக்குக்குத்தான் பொருந்தும். "நேராகப் போங்கள் அண்ணா, தார் ரோடுதான்" என்று ஒருவர் சொன்னார். தார் ரோடுதான், பொய்யில்லை. அதன் குறுக்கே 10 அடி உயரத்தில் கோயில் வளைவு ஒன்று நின்றது. தார்ப்பாய் கட்டிய என் லோடு 11 அடி.

மேப்புக்குச் சாலை தெரியும், வண்டி தெரியாது. கூகுள் மேப்பில் கார் என்று தேர்ந்தெடுக்கலாம், இருசக்கர வண்டி என்று தேர்ந்தெடுக்கலாம், லாரி என்று ஒரு தேர்வு இல்லை. மேம்பாலம் வருவதை முன்கூட்டிச் சொல்லும் வசதி 2024 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. குறுகிய சாலையைத் தவிர்க்கும் வசதியும் அப்போதுதான் சென்னை, கோவை உள்ளிட்ட 8 நகரங்களில் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் காருக்குக் குறுகிய சாலை வேறு, எனக்குக் குறுகிய சாலை வேறு. தொப்பூர் கணவாயும் திரையில் ஒரு நீலக் கோடுதான். தருமபுரிப் பக்கமிருந்து லோடோடு இறங்கும்போது அந்தச் சரிவு என்ன செய்யும் என்பது கோட்டில் தெரியாது. என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருப்பது இதுதான்: "தொப்பூர். நியூட்ரல் கூடாது. ஏறும் கியரில் இறங்கு."

இவை எல்லாவற்றையும் மேப் நாளைக்கே கற்றுக்கொண்டாலும் நான் நோட்டை விடமாட்டேன். காரணம் ஒன்றே ஒன்று: வண்டியைத் திருப்பும் இடம்.

மலையில் சரக்கு இறக்கப் போகிறவனுக்கு இடத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். இறக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும். என் வண்டி ஒரே வீச்சில் திரும்ப 40 அடிக்கு மேல் வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏறும் பிரதானப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் என்று எல்லோரும் மலைப்பாகச் சொல்வார்கள். அவை அகலமானவை, எண் போட்டவை, பஸ்ஸே போகிறது. எனக்குப் பயம் அங்கே இல்லை. ஊரைத் தாண்டி நாகலூர், கொட்டச்சேடு, செம்மநத்தம் பக்கம் பிரியும் எஸ்டேட் பாதைகளில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் காப்பிச் செடி, மறு பக்கம் சரிவு, நடுவில் வண்டி அகலத்துக்கு ஒரு கையளவு கூடுதல்.

ஒரு கார்த்திகை மாதம் டைல்ஸ் ஏற்றிப் போனேன். பார்ட்டி கைபேசியில் இடத்தை அனுப்பியிருந்தார். மேப் சொன்ன இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது அவர் இடத்தை அனுப்பும்போது நின்றிருந்த இடம், எஸ்டேட்டின் மேல்புறம், ஜீப் மட்டும் போகும் பாதை. வீடு கட்டுவது கீழ்ப்புறம், அதற்கு வேறு வாசல். தவறு மேப்புடையது அல்ல. கேட்காமல் ஏறிய என்னுடையது. பாதை ஒரு பாறையில் முடிந்தபோது மாலை ஐந்தரை, பனிமூட்டம். கிளீனர் பின்னால் டார்ச்சோடு நடக்க, சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணியபடி அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுத்தேன். ஓர் இடத்தில் பின் சக்கரம் மண்ணை உடைத்தது. கிளீனர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வலப்பக்க டெயில் லேம்ப் போனது, சம்பளத்தோடு ஒரு நாளும் போனது.

அன்றிலிருந்து லோடு ஏற்றும் முன்பு பார்ட்டிக்கு ஒரு போன். "லாரி வருமா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், "தாராளமாக வரும் அண்ணா" என்றுதான் பதில் வரும். சரக்கு வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்குப் பதில், "உங்கள் கட்டடத்துக்குச் செங்கல் எதில் வந்தது?" என்று கேளுங்கள். டிப்பர் என்றால் போகலாம். டிராக்டர் என்றால் யோசிக்க வேண்டும். "கீழே இறக்கி ஜீப்பில் ஏற்றினோம்" என்றால் வாடகை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசிவிட வேண்டும். அடுத்து, "அந்த வண்டி எங்கே திரும்பியது?" இந்த இரண்டு பதில்களும் நோட்டில் ஏறும். ஒரு பதிவை அப்படியே தருகிறேன்:

"நாகலூர் பிரிவு தாண்டி இரண்டாவது வளைவு. பச்சைக் கேட், இடது. உள்ளே காப்பி உலர்த்தும் களம், அதில் திருப்பலாம். தை, மாசியில் களத்தில் காப்பி காயும், அப்போது ரோட்டிலேயே நிறுத்து. மழைக்குப் பின் இரண்டு நாள் வேண்டாம்."

களத்தில் எந்த மாதம் காப்பி காயும் என்பதை மேப் எப்படிச் சொல்லும்?

நோட்டுக்கும் பராமரிப்பு உண்டு. ஒவ்வொரு வரிக்கும் தேதி போட வேண்டும். தேதி இல்லாத குறிப்பு ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த வாரம் என் பழைய குறிப்புகளில் பாதி செல்லாக்காசு. அப்போது உதவியது நோட்டும் இல்லை, மேப்பும் இல்லை. மேலே மளிகைக்கடை வைத்திருப்பவருக்குப் போட்ட போன்தான் எந்தப் பக்கம் வண்டி விடுகிறார்கள் என்று சொன்னது. ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியைச் சுற்று என்று அலட்சியமாக ஒதுக்கியிருந்தேன். அதன் பிறகு அதற்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

மேப்பை மலைக்கு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் புள்ளி தெரியும். பையனுக்கு அதைச் செய்துகொடுத்திருக்கிறேன். ஆனால் நெரிசலும் அடைப்பும் அதில் தெரியாது.

நான் பேசுவது சேலம், ஏற்காடு, அதிகம் போனால் மஞ்சவாடி வழியாக அரூர் வரைக்கும். ஓசூருக்கு அப்பால் என் அனுபவம் மெலிந்தது. மொழி தெரியாத ஊரில் இரவில் வழி கேட்க முடியாமல் நின்றபோது மேப்தான் கரை சேர்த்தது. வடக்கே டிரெய்லர் ஓட்டுகிறவர் நோட்டைப் பார்த்துச் சிரிக்கலாம். வண்டியின் உயரம், எடை கொடுத்தால் அதற்கேற்ற வழி சொல்லும் செயலிகளை நான் ஓட்டத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரே சரக்கை ஒரே கிடங்குக்குத் தினமும் கொண்டுபோகிறவருக்கு இந்தச் சர்ச்சையே வேண்டாம்.

பையன் இதுவரை ஆறு நடை ஏறி இறங்கிவிட்டான். ஜெராக்ஸின் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்திருக்கிறான். வாழவந்திப் பக்கம் நான் எழுதிய ஒரு களத்தில் இப்போது வீடு எழும்பிவிட்டதாம், அடித்துவிட்டான். செம்மநத்தம் பக்கத்தில் மூன்று வரிகளுக்குத் தேதி இல்லை என்பதையும் அவன்தான் காட்டினான். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வெறும் வண்டியோடு ஒரு முறை போய் அவற்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.