பின் இருக்கைக்காகச் செய்த வண்டியும் முன் இருக்கையில் 14 ஆண்டுகளும்: லிங்கன் டவுன் கார்

ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுக் கார்ப் பிரிவான லிங்கனின், 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பான கருப்பு நிற டவுன் கார் ஒன்றை 2010ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அது 61,000 மைல் ஓடியிருந்த நிலையில் வாங்கினேன். இப்போது அதன் கணக்கு 1,88,000 மைலைத் தாண்டிவிட்டது. டெட்ராய்ட் நகருக்கு மேற்கே குடியிருக்கும் எனக்கு, இந்த வண்டி பிறந்த விக்சம் ஆலை அன்றாடம் அலுவலகம் போகும் வழியில், 96ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருந்தது. நான் வண்டி வாங்கியபோது ஆலை மூடப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அமர்ந்து, அதைச் செய்த கட்டடம் வெறிச்சோடிக் கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போவது விசித்திரமான அனுபவம்.

வாங்கிய சில மாதங்களிலேயே இந்த வண்டிக்கு ஊரில் இருக்கும் பெயர் என்ன என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த என் மாமனாரை அழைத்துவர டெட்ராய்ட் விமான நிலையத்துக்குப் போய், வருகைப் பகுதியின் ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். கோட்டு அணிந்த ஒருவர் கைப்பேசியில் பேசியபடியே பின்கதவைத் திறந்து உள்ளே அமர்ந்து, பேச்சை நிறுத்தாமலேயே தாம் போக வேண்டிய ஓட்டலின் பெயரை என்னிடம் சொன்னார். நான் திரும்பிப் பார்த்து விவரம் சொன்னதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு இறங்கினார். என் நிறமும் அவருடைய ஊகத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் நான் வேறு எந்தக் காரில் உட்கார்ந்திருந்தாலும் அவர் கதவைத் திறந்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிற்பாடு இதே போன்ற சம்பவம் இன்னும் இரண்டு முறை நடந்தது. அமெரிக்கர்களின் மனத்தில் கருப்பு டவுன் கார் என்பது பிறர் ஓட்ட நாம் ஏறிப் போகும் வண்டி. அதன் கௌரவம் முழுவதும் பின் இருக்கையில்தான் இருக்கிறது.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியபோதுதான், லிங்கனின் வரலாறு ஒரு பழைய பகையிலிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்தேன். 1902இல், ஹென்றி ஃபோர்டு தம் பெயரிலேயே இயங்கிய ஒரு நிறுவனத்திலிருந்து முதலீட்டாளர்களோடு முரண்பட்டு வெளியேறினார். எஞ்சிய இயந்திரங்களை விற்றுவிடலாம் என்று எண்ணி அவற்றுக்கு விலை மதிப்பிட முதலீட்டாளர்கள் அழைத்து வந்தவர் ஹென்றி லேலண்ட். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் தொழில் பழகி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொறுக்காதவர் என்று பெயர் பெற்றிருந்த அவர், விற்க வேண்டாம், நான் வைத்திருக்கும் எஞ்சினைப் போட்டுக் கார் செய்யுங்கள் என்று ஆலோசனை சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் காடிலாக். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மூன்று காடிலாக் கார்களை உருப்படி உருப்படியாகக் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, அவற்றிலிருந்து மீண்டும் மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டியதும், அதற்காக பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் வழங்கும் டெவார் கோப்பை கிடைத்ததும் லேலண்டின் கைத்திறனுக்குச் சான்றுகள்.

காடிலாக்கை வாங்கிக்கொண்ட ஜெனரல் மோட்டார்ஸுடன், முதல் உலகப் போருக்கான லிபர்ட்டி விமான எஞ்சின்களைத் தயாரிப்பது குறித்து ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் லேலண்ட் 1917இல் விலகினார். அப்போது அவருக்கு வயது 74. மகன் வில்ஃப்ரெடுடன் சேர்ந்து தொடங்கிய புதிய நிறுவனத்துக்கு, 1864இல் தாம் முதன்முதலாக வாக்களித்த குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனின் பெயரை வைத்தார். ஏறத்தாழ 6,500 விமான எஞ்சின்களைச் செய்து கொடுத்த அந்த ஆலை, போர் முடிந்ததும் 1920இல் கார் செய்யத் தொடங்கியது. இயந்திரம் அப்பழுக்கற்றது, உடலமைப்போ பழைய மோஸ்தர். விற்பனை படுத்தது, கடன் ஏறியது, 1922 பிப்ரவரியில் நிறுவனம் ஏலத்துக்கு வந்தபோது 80 லட்சம் டாலருக்கு அதை எடுத்தவர் அதே ஹென்றி ஃபோர்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் தம்முடைய இடத்தில் வந்து அமர்ந்தவருடைய நிறுவனம் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ நான்கு மாதங்களில் லேலண்டுகள் இருவரும் வெளியேற நேர்ந்தது. ஒரே மனிதர் உண்டாக்கிய இரண்டு பெயர்கள் அதன் பிறகு ஒரு நூற்றாண்டு காலமாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன.

லிங்கனுக்கு அழகு சேர்த்தவர் ஃபோர்டின் மகன் எட்சல். அவர் தம் புளோரிடா விடுமுறைக்காக, வடிவமைப்பாளர் கிரெகரியைக் கொண்டு 1939இல் செய்துகொண்ட தனி வண்டியிலிருந்து உருவானதுதான் கான்டினென்டல். ஆனால் அந்தப் பெயரை உலகறியச் செய்தது 1961ஆம் ஆண்டு மாடல். 1950களின் இறுதியில் லிங்கன் கார்கள் தேவைக்கு மீறிப் பெருத்து, நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பெயரையே கைவிட்டுவிடலாமா என்று ஃபோர்டின் நிர்வாகியாக இருந்த ராபர்ட் மெக்நமாரா யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. தண்டர்பர்டு காருக்காக எல்வுட் எங்கல் வரைந்திருந்த ஒரு வடிவத்தைப் பார்த்த மெக்நமாரா, இதற்கு நான்கு கதவு வைக்க முடியுமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். முந்தைய மாடலைவிட ஏறத்தாழ 15 அங்குலம் குறைந்து, குரோமியப் பூச்சு வேலைகள் பெரும்பாலும் களையப்பட்டு, பின்கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும்படி வந்த அந்தக் கார் இன்றைக்கும் பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. விக்சம் ஆலையில் ஒவ்வோர் எஞ்சினையும் மூன்று மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். முடிந்த வண்டி ஒவ்வொன்றையும் 12 மைல் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு அல்லது 24,000 மைல் உத்தரவாதம் தந்தார்கள். பெரியவர் லேலண்ட் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு மாடலை மட்டும் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் ஜான் கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்ததும் அந்த 1961 கான்டினென்டல்தான். அதன்பின் அதைக் கூரையிட்டுக் கவசமிட்டு 1977 வரை அடுத்தடுத்த அதிபர்கள் பயன்படுத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இப்போது அது டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே வரிசையில் ரூஸ்வெல்ட் பயணித்த வண்டியும், ட்ரூமனுக்காகச் செய்து ஐசன்ஹோவர் காலத்தில் கண்ணாடிக் கூரை போட்ட வண்டியும், ரீகன் சுடப்பட்ட நாளில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன 1972 கான்டினென்டலும் நிற்கின்றன, எல்லாமே லிங்கன்கள். வருகிற விருந்தினரையெல்லாம் அங்கே அழைத்துப் போகிறேன். ஒருவர்கூட முன் இருக்கையை எட்டிப் பார்த்ததில்லை. 1993க்குப் பின் அந்த இடத்தைக் காடிலாக் பிடித்துக்கொண்டது.

இனி என் வண்டிக்கு வருகிறேன். ஏறத்தாழ 18 அடி நீளமும் 2 டன் எடையும் கொண்ட டவுன் கார், தனி அடிச்சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திச் செய்யப்பட்டது. இன்றைய கார்களில் இந்தக் கட்டுமானம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முன்னால் 4.6 லிட்டர் வி8 எஞ்சின், 239 குதிரைத்திறன், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம், பின் அச்சில் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப்பைகள். போலீஸ்காரர்கள் ஓட்டிய க்ரௌன் விக்டோரியாவின் அடிச்சட்டமும் இதுவே. எனவே உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. சொகுசுக் கார் என்ற சொல்லுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் இருக்கும் வழக்கமான உறவு இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை என்பதே 14 ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். இந்த எஞ்சினின் 1996 முதல் 2001 வரையிலான மாடல்களில் எஞ்சினுக்குள் காற்றைச் செலுத்தும், குளிர்நீரும் பாயும் இன்டேக் மேனிஃபோல்டு என்ற குழாய்த் தொகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. அது வெடித்த விவகாரம் நீதிமன்றம் வரை போய் ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது. பிறகு அந்த இடத்தில் அலுமினியம் வந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் 2002க்குப் பிந்தைய வண்டியாகத் தேடினேன்.

ஓட்டும் அனுபவத்தைச் சொல்வதென்றால், சாலையின் மேடுபள்ளங்களைப் பற்றிய செய்தி இருக்கைக்கு வந்து சேருவதற்குள் வழியிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சிகன் சாலைகளின் குளிர்காலப் பள்ளங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதே சமயம் வளைவுகளில் வேகமாகத் திருப்பினால் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, அவசரப்படாதே என்று பெரியவர்கள் தோளில் கை வைத்தது போல இருக்கும். வேகம் விரும்புகிறவர்கள் இந்த வண்டியைக் கேலி செய்வது நியாயமே. அவர்களுக்காக இது செய்யப்படவில்லை. நகருக்குள் கேலனுக்கு 16 மைலும் நெடுஞ்சாலையில் 24 மைலும் எனக்குக் கிடைக்கின்றன. சாதாரண பெட்ரோலே போதும். டிக்கி 20 கன அடிக்கு மேல் இருப்பதால், இந்தியாவிலிருந்து இருவர் கொண்டுவரும் நான்கு பெரிய பெட்டிகளும் ஒரு மூட்டை ஊறுகாய் அப்பளமும் அதில் சிரமமின்றி அடங்கும்.

முழங்கால் வலியால் அவதிப்படும் என் மாமனார், எங்கள் இன்னொரு காரில் குனிந்து ஏறவும் எஸ்யூவியில் கால் தூக்கி வைக்கவும் மிகவும் சிரமப்பட்டார். டவுன் காரில் அவர் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சிகாகோ வரையிலான ஐந்து மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதி தூங்கினார். இறங்கும்போது, "இதுல வந்தா கால் மரத்துப் போகலியே மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். இந்த நிறுவனத்தைப் பற்றிய விமர்சனங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான மதிப்பீட்டை நான் படித்ததில்லை.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது பின் காற்றுப்பைகளை. ரப்பர் என்பதால் பத்தாண்டுக்குப் பின் அவை வயதாகிக் கசிவது இவ்வகை வண்டிகள் எல்லாவற்றிலும் இயல்பு. ஒருநாள் காலையில் என் வண்டியின் பின்பகுதி தாழ்ந்திருந்தபோது நான் கொண்டுபோன பணிமனை, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்பிரசரே போய்விட்டது என்று சொல்லி, முழு அமைப்பையும் கழற்றிவிட்டு இரும்புச் சுருள் போடச் சொன்னது. சந்தேகப்பட்டு வீட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பையில்தான் குமிழி வந்தது. இரண்டு பைகளையும் மாற்றியதோடு சரியாகிவிட்டது. வண்டியைத் தூக்கும் முன் டிக்கியின் உள்ளே இருக்கும் காற்றுப்பை அமைப்பின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதைக்கூட அந்தப் பணிமனையில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பனிக்காலத்துக்கு நான்கு சக்கரங்களுக்கும் பனி டயர் போட்டால் பின்சக்கர இயக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. சாலையில் தூவும் உப்புதான் எதிரி, ஆகவே குளிர்காலம் முழுவதும் அடிப்பகுதியைக் கழுவுகிறேன்.

இவ்வளவு உறுதியான வண்டியைச் செய்தவர்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள் என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. 1998இல் லிங்கன், அமெரிக்க விற்பனையில் முதன்முறையாகக் காடிலாக்கை முந்தியது. காடிலாக் தரப்பு 222 வண்டிகள் வித்தியாசத்தில் தாங்களே முதலிடம் என்று அறிவித்து, அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வெற்றியைத் தேடித் தந்ததில் பெரும்பங்கு 1997இல் வந்த நேவிகேட்டர் எஸ்யூவிக்கு உரியது. அதே 1998இல் தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவின் இர்வைனுக்கு மாற்றி, சில ஆண்டுகளில் மறுபடி மிச்சிகனுக்கே திரும்பினார்கள். பிறகு எம்கேஇசட், எம்கேஎக்ஸ், எம்கேஎஸ், எம்கேடி என்று பெயர் வைக்கத் தொடங்கினார்கள். கான்டினென்டல், செஃபிர் என்று உச்சரித்தாலே ஒரு வண்டி கண்முன் வந்து நின்ற பரம்பரைக்கு இந்த எழுத்துச் சிதறல் செய்த கேட்டை எந்தப் போட்டியாளரும் செய்யவில்லை என்பது என் கருத்து. விக்சம் மூடியபின் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலைக்குப் போன டவுன் கார், 2011 ஆகஸ்ட் மாத இறுதியில் நின்றது. வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் மட்டும் வாங்குகிற வண்டி என்ற பெயர் வந்தபின் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் என் பின்கதவைத் திறந்தவர் ஒருநாளும் இதைத் தமக்கென்று வாங்கியிருக்க மாட்டார். 2017ஆம் ஆண்டு மாடலாகக் கான்டினென்டல் மீண்டும் வந்தது, 2020இல் மறைந்தது. இப்போது அமெரிக்காவில் லிங்கன் விற்பது எஸ்யூவிகளை மட்டுமே.

இன்று ஒரு டவுன் காரை வாங்க நினைப்பவர்கள் 2003 அல்லது அதற்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது. அந்த ஆண்டில்தான் அடிச்சட்டமும் ஸ்டீயரிங்கும் புதுப்பிக்கப்பட்டன. பின்னால் உட்காருபவர்கள்தான் முக்கியம் என்றால் 6 அங்குலம் நீட்டிய எல் வகை கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாடகைக்கு ஓடியவை என்பதால் மைல்கணக்கைவிடப் பராமரிப்புச் சீட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். வடமாநில வண்டியென்றால் லிஃப்டில் ஏற்றிப் பின்சக்கரத்துக்கு முன்னே அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் பின்பகுதி தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.