பார்க்கின்சன்ஸுக்கு வி.ஆரா, பிசியோவா?

"பிசியோவுக்கு மாசா மாசம் காசு கட்றதுக்கு ஒரேடியா ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்கிப் போட்டுடலாமே"னு பார்க்கின்சன்ஸ் (நடையும் அசைவும் தடுமாறுற மூளை நரம்பு நோய்) இருக்கற வீடுகள்ல பேச்சு வருது. பிசியோன்னா இயன்முறை சிகிச்சை, அதைத் தர்றவரையும் அப்படித்தான் சொல்வோம்; வி.ஆர்.னா கம்ப்யூட்டர் காட்டற கற்பனை உலகத்துக்குள்ள பயிற்சி செய்யறது (விர்ச்சுவல் ரியாலிட்டி). ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா அது அவ்ளோ சுலபமான கணக்கு இல்ல.

ஆராய்ச்சியில வி.ஆர்.னு சொல்றது நிறைய இடத்துல கண்ணை மூடுற ஹெட்செட்டே கிடையாது, டிவி முன்னாடி நின்னு ஆடுற நின்டெண்டோ வீ மாதிரி கேம்தான். பல ஆய்வுகளைச் சேத்து எடை போடற காக்ரேன் அமைப்போட 2016 அலசல்ல 8 ஆய்வு, மொத்தமே 263 பேர். பிசியோவோட ஒப்பிட்டா காலடி நீளம் வி.ஆர்.ல கொஞ்சம் கூடுச்சு, பேலன்ஸ், வாழ்க்கைத் தரம் எல்லாம் கிட்டத்தட்ட சமம்தான், அதுக்கான ஆதாரமும் பலமா இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

வி.ஆருக்கு நிஜமாவே பலம் சேர்க்கறது அதே வருஷம் லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த வி-டைம்ங்கற ஆய்வு. அஞ்சு நாட்டுல, அடிக்கடி விழற 302 பெரியவங்க, அதுல பார்க்கின்சன்ஸ்காரங்களும் நிறைய. எல்லாரும் ட்ரெட்மில்ல வாரம் 3 தடவை, 6 வாரம் நடந்தாங்க. பாதிப் பேருக்கு முன்னாடி ஸ்க்ரீன், அதுல அவங்க பாதமே தெரியும், குறுக்க தடை வரும், தாண்டணும், நடுவுல கவனம் கலைக்கற விஷயங்களும் வரும். ஆறு மாசத்துக்கு சராசரி 12 தடவை விழுந்த ஸ்க்ரீன்காரங்க 6க்கு வந்தாங்க, வெறும் ட்ரெட்மில்காரங்க கிட்டத்தட்ட 10.7ல இருந்து 8.3தான். ஏன்னா பார்க்கின்சன்ஸ்ல நடை தானா வராது, யோசிச்சு நடக்கணும், அப்ப யாராவது பேச்சுக் கொடுத்தாலே கால் சொதப்பும். ஸ்க்ரீன் பழக்குறது அந்த ரெண்டு வேலையையும் ஒண்ணா செய்யறதைத்தான்.

ஆனா கட்டில்ல புரண்டு படுக்கறது, சேர்ல இருந்து எழுந்திரிக்கறது, சட்டுனு திரும்பும்போது கால் ஒட்டிக்கிட்டு நின்னுடறது, இதெல்லாம் கேம்ல எங்க இருக்கு? பிசியோ வீட்டுக்கே வந்து, பாத்ரூம் வாசல்ல கால் உறையுதுன்னு பாத்து, தரையில குறுக்க கலர் டேப்பை ஒரு காலடி இடைவெளி விட்டு ஒட்டி "கோட்டைத் தாண்டுங்க ஐயா"ன்னு சொன்னா, அதுவரைக்கும் அசையாத கால் பல பேருக்கு நகர்ந்துடும்! செலவுன்னா ஒரு டேப் ரோல். மாத்திரை வேலை செய்யற நேரம் பாத்து பயிற்சி வைக்கறதும், பின்னாடி சாயும்போது பிடிக்கறதும் அந்த ஆளுதான்.

ஹெட்செட் மாட்டினா தரையே தெரியாது. எழுந்தா பிரஷர் இறங்கி தலை சுத்தறவங்க, மாத்திரையால இல்லாத உருவம் தெரியறவங்க இந்த நோய்ல கம்மி இல்ல, அவங்கள தனியா விட்டு மாட்டி விடறது எனக்கு சரியாவே படல.

ஒண்ணுதான் முடியும்னா கண்ண மூடிக்கிட்டு பிசியோ. நடக்கறவர்தான், ஆனா அடிக்கடி விழறார்னா, ட்ரெட்மில் கூட ஸ்க்ரீன் வச்ச சென்டர் கிடைச்சா அதையும் சேத்துக்கலாம். போறதுக்கு முன்னாடி விழாம தாங்கற பெல்ட் இருக்கா, பக்கத்துல பிசியோ நிப்பாரான்னு மட்டும் கேட்டுக்கங்க.