ஃபோல்டரா, சப்-அசெம்பிளியா: அசெம்பிளியில் பாகங்களையும் பட்டியலையும் ஒழுங்கு செய்யும் இரு வழிகள்

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஒரு பெல்ட் கன்வேயரை வரையும்போது பாகங்களை அசெம்பிளி மரத்தில், அதாவது பொருத்திய மாடலின் பாகப் பெயர்கள் கிளைகளாக நிற்கும் பலகத்தில், பிரித்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. எல்லாப் பாகங்களையும் ஒரே மட்டத்தில் சேர்த்துவிட்டு, ரோலர், சட்டகம், டிரைவ், போல்ட் என்று ஃபோல்டர்களில் அடுக்கலாம். அல்லது அந்த ஒவ்வொரு தொகுதியையும் தனிக் கோப்பாக, சப்-அசெம்பிளியாகக் கட்டி, மேல் அசெம்பிளிக்குள் கொண்டுவரலாம். இரண்டு முறைகளிலும் வரைந்து பார்த்த பிறகு நான் சப்-அசெம்பிளிக்கு மாறிவிட்டேன். அதற்கான காரணம் வரைவதில் அல்ல, எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்று சொல்லும் பாகப் பட்டியலைப் பராமரிப்பதில் இருக்கிறது.

ஃபோல்டரின் வசதிகள் அனைவரும் அறிந்தவை. உருவாக்க ஒரு நொடி போதும். மேட்டுகள் (mates, பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தி வைக்கும் பிணைப்புகள்) எதுவும் கலைவதில்லை. ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா போல்ட்டுகளையும் ஒரே சொடுக்கில் மறைக்கலாம். ஆனால் அது கண்ணுக்கு மட்டுமே ஒழுங்கு. பாகப் பட்டியலைப் பொறுத்தவரை ஃபோல்டர் என்ற ஒன்றே கிடையாது. அசெம்பிளியின் வரிசையைப் பின்பற்றுமாறு பட்டியலை அமைத்தால், மரத்தில் பாகங்கள் நிற்கும் வரிசை பட்டியலிலும் தெரியும், அவ்வளவுதான். தலைப்போ, தொகுதி எண்ணோ, உள்மட்டமோ வராது.

இந்தக் குறை எங்கே வலிக்கிறது என்பதை ரோலரை வைத்தே பார்க்கலாம். ஒரு ரோலரில் குழாய் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று, பேரிங் ஹவுசிங் இரண்டு, 6204 பேரிங் இரண்டு, சர்க்ளிப் இரண்டு என்று எட்டு உருப்படிகள் இருப்பதாகக் கொள்வோம். பன்னிரண்டு ரோலர்கள் என்றால் மரத்தில் 96 உருப்படிகள். கொள்முதல் பிரிவுக்கு வேண்டியது 24 பேரிங் என்ற ஒற்றை வரிதான். அதை இரண்டு முறைகளும் சரியாகவே தரும். ஆனால் பொருத்தும் இடத்தில் இருப்பவருக்கு, ஒரு ரோலருக்குள் என்னென்ன போகிறது என்ற அடுக்குப் பட்டியல் தேவை. சப்-அசெம்பிளி இருந்தால், ஒரே மாடலிலிருந்து பாகங்கள் மட்டும் கொண்ட பட்டியலையும் அடுக்குப் பட்டியலையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். ஃபோல்டர் முறையில் அடுக்குப் பட்டியலுக்கு வழியே இல்லாததால், பட்டியலை எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்து, யாரோ ஒருவர் கையால் வரிகளை நகர்த்தித் தலைப்புகள் போட வேண்டும். முதல் முறை அது அரை மணி நேர வேலையாகத்தான் தோன்றும். வடிவமைப்பு மாறி அடுத்த திருத்தம் வெளியாகும்போது அதே வேலையை மீண்டும் செய்ய வேண்டும், அல்லது பழைய எக்செல் தாளைக் கையால் திருத்த வேண்டும். பின்னதைச் செய்யும் நாளில் மாடலும் பட்டியலும் பிரிந்துவிடுகின்றன. எந்த அளவு போல்ட் வாங்குவது என்பதற்கு இரண்டு விடைகள் உருவாவது அங்கேதான்.

மாற்றத்தின் தன்மையையும் கவனிக்க வேண்டும். ஒரு பேரிங்குக்குப் பதிலாக இன்னொன்றைப் போடுவது இரண்டு முறைகளிலும் எளிது. ஒரு பாகத்தின் எல்லாப் பிரதிகளையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். புதிய பாகம் ஒன்று சேரும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. ஒவ்வொரு பேரிங்குக்கும் வெளியே ஒரு தூசுத் தடுப்பு சீல் வேண்டும் என்று முடிவானால், சப்-அசெம்பிளியில் இரண்டு சீல்களை ஒரு முறை பொருத்திச் சேமித்தால் பன்னிரண்டு ரோலர்களிலும் அது வந்துவிடும், பட்டியலில் 24 என்று எண்ணிக்கையும் ஏறிவிடும். ஃபோல்டர் முறையில், ரோலர்கள் சம இடைவெளியில் இருந்தால் பேட்டர்ன் (ஒரு பாகத்தைச் சீரான இடைவெளியில் பிரதியெடுக்கும் கட்டளை) கைகொடுக்கும். ஆனால் சரக்கு விழும் இடத்தில் ரோலர்களை நெருக்கமாக வைப்பதே வழக்கம் என்பதால், ஒரே பேட்டர்ன் எல்லாவற்றையும் தழுவாது.

சப்-அசெம்பிளி தேவையற்ற வரிகளைக் கூட்டுகிறது என்ற குறையைச் சிலர் சொல்வதுண்டு. அதற்கு அந்த சப்-அசெம்பிளியின் கான்ஃபிகரேஷன் (ஒரே கோப்பில் சேமிக்கும் மாற்று வடிவம்) பண்புகளிலேயே தீர்வு இருக்கிறது. வரைவதற்கு வசதியாக மட்டும் உருவாக்கிய தொகுதிக்கு 'புரமோட்' என்று வைத்தால், தொகுதியின் வரி மறைந்து உள்ளிருக்கும் பாகங்கள் மேல்மட்டத்துக்கு வரும். முழுதாக வாங்கும் கியர் மோட்டாருக்கு 'ஹைட்' என்று வைத்தால், உட்பாகங்கள் மறைந்து மோட்டார் ஒரே வரியாக நிற்கும். இதே வகை மென்பொருளான ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் 'ஃபேன்டம்', 'பர்ச்சேஸ்டு' என்ற பெயர்களில் ஏறக்குறைய இதே வசதிகள் கிடைக்கின்றன.

உண்மையான செலவுகள் வேறு. ஒரே ரோலர் கோப்பை இரண்டு கன்வேயர்கள் பகிர்ந்தால், ஒன்றுக்காகச் செய்த மாற்றம் மற்றொன்றையும் தொடும்; பழையதன் இடத்தில் புதியது பொருந்தாது என்றால் புதிய பாக எண் கொடுத்தே தீர வேண்டும். சப்-அசெம்பிளி இயல்பாக இறுகிய நிலையில் இருப்பதால், பெல்ட்டை இறுக்கும் டேக்-அப் போன்ற நகரும் தொகுதியை மேல் அசெம்பிளியில் அசைத்துப் பார்க்க 'ஃபிளெக்ஸிபிள்' என்று மாற்ற வேண்டும். சில நூறு பாகங்கள் கொண்ட இயந்திரங்களில் அது எனக்குத் தொல்லை தரவில்லை, ஆனால் பல்லாயிரம் பாகங்கள் கொண்ட ஆலை மாடலுக்கு என் அனுபவத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். பாதி வேலை முடிந்தபின் பாகங்களை ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் சில மேட்டுகள் நீங்கிவிடும், மற்ற பாகங்களைச் சார்ந்து வரைந்த அம்சங்களும் உடையக்கூடும். ஆகவே முதல் பாகத்தை வரைவதற்கு முன்பே, எவை தொழிற்கூடத்தில் தனியாகப் பொருத்தப்பட்டு ஒரே உருப்படியாக இயந்திரத்துக்கு வருகின்றன என்று கேட்டு, அவற்றை மட்டும் சப்-அசெம்பிளியாக்குகிறேன். மேல்மட்டத்தில் எஞ்சும் போல்ட், நட், வாஷர் ஆகியவற்றுக்கு இன்றும் ஃபோல்டர்தான்.